உள்ளே போனது யார்?

வலையமைப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி கடினமானதல்ல. "இந்தச் சுவிட்சுக்குள் கடைசியாகப் போய் மாற்றம் செய்தவர் யார்?" அவ்வளவுதான். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஐபி முகவரிகளைப் பங்கு பிரிப்பதை மனக்கணக்கில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பதிவைத் திறந்தால் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்: அட்மின். அந்தப் பெயரில் கந்தோரில் யாரும் இல்லை. அதற்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, விசாரணை வந்தால் போய் நிற்க ஆளும் இல்லை.

பிள்ளைகளே, சம்மாந்துறையிலும் ஒலுவிலிலும் படித்துவிட்டு நீங்கள் கொழும்புக்குப் போகிறீர்கள், தோஹாவுக்கும் ரியாதுக்கும் போகிறீர்கள். போன இடத்தில் அடுத்தவர் வீட்டுச் சாவியை உங்கள் கையில் தருகிறார்கள். அது அமானிதம். அதை எப்படி வாங்குவது, எப்படி வைத்திருப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதைப் பாடப்புத்தகம் ஓரிரு பக்கத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகும். நான் இந்த வேலையில் தலை நரைத்தவன். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு இருபது கிளைகள் என்று வையுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரவுட்டர், இரண்டு மூன்று சுவிட்ச். ஒவ்வொரு பெட்டியும் தன்னுள்ளே தனக்கென்று ஒரு பயனர் பட்டியலை வைத்துக்கொண்டால், ஓர் ஊழியர் விலகும்போது அத்தனை பெட்டிகளுக்குள்ளும் போய் அவர் பெயரை அழிக்க வேண்டும். யாரும் அழிப்பதில்லை. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற சோம்பல் வழி பிறக்கிறது. அது ஒரு சுவரில் ஆணியடித்து மாட்டிய சாவி. கை நீட்டியவன் எல்லாம் எடுக்கலாம்.

இதற்கு மாற்று புதியதல்ல. 1991 இல் அமெரிக்காவின் மெரிட் நெட்வேர்க் என்ற கல்வி வலையமைப்புக்குத் தொலைபேசி வழியே இணையும் பயனர்களைச் சரிபார்க்க ஒரு முறை தேவைப்பட்டது. லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் அதற்கு ரேடியஸ் என்ற நெறிமுறையைச் செய்து கொடுத்தது. 1997 இல் அது பொது ஆவணமானது. 2000 ஜூனில் ஆர்எஃப்சி 2865 என்ற எண்ணோடு வந்த வடிவம்தான் இன்றும் அடிப்படை. டக்காக்ஸ் என்ற இன்னொரு நெறிமுறையின் வேர் இன்னும் பழையது, எண்பதுகளின் அமெரிக்க இராணுவ வலையமைப்பு வரை போகும். அதிலிருந்து சிஸ்கோ வளர்த்தெடுத்த டக்காக்ஸ் பிளஸ்ஸைத்தான் இன்று சாதனங்களை நிர்வகிக்கப் பலரும் விரும்புகிறார்கள். இரண்டுக்கும் கருத்து ஒன்றே: பெட்டி தானாக ஆளை அடையாளம் காண முயல வேண்டாம், அறிந்தவரிடம் கேட்கட்டும்.

நம்மூரில் இதை விளக்குவது எளிது. மருதமுனைப் பையனுக்கு அக்கரைப்பற்றில் நிக்காஹ் பேசினால், அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல் அவனை நிறுத்தி வைத்து விசாரிப்பதில்லை. மருதமுனைப் பள்ளிவாசலின் கடிதத்தைக் கேட்கும். அவன் யார், ஏற்கெனவே மணமானவனா என்பதை அவனுடைய மஹல்லாதான் அறியும், அதுதான் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழகங்களில் எடுரோம் என்று ஒரு வைஃபை இருக்கிறதே, அது அச்சொட்டாக இப்படித்தான் நடக்கிறது. 2002 இல் நெதர்லாந்தின் சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் வீரெங்கா என்பவர் முன்வைத்த யோசனை அது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது, இலங்கையில் லேர்ன் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு அதை நடத்துகிறது. வெளியூர் மாணவன் வந்து நின்றால், நின்ற இடத்துச் சேர்வர் அவன் சொந்தப் பல்கலைக்கழகத்துச் சேர்வரிடம் கேள்வியை அனுப்பும். கடவுச்சொல்லை அவன் வீட்டார் மட்டுமே சரிபார்ப்பார்கள்.

அப்படிக் கேட்கும்போது மூன்று காரியம் நடக்கிறது. வந்தவர் யார் என்று உறுதியாகிறது. அவர் எதுவரை போகலாம் என்று வரையறையாகிறது. போனவர் என்ன செய்தார் என்று எழுதப்படுகிறது. முதல் இரண்டையும் எல்லாரும் அமைப்பார்கள். மூன்றாவதைப் "பிறகு பார்ப்போம்" என்று விடுவார்கள். நான் அதிகம் சொல்ல விரும்புவது அந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் நம் கரையோரப் பையன் ஒருவன் இரவு முறை பார்த்தான். ஒரு நாள் விடியற்புறம் சுவிட்சில் ஒரு விலான் அழிந்து, ஒரு மாடி முழுவதற்கும் இணைப்புப் போனது. கடவுச்சொல் பலருக்கும் தெரியும். பதிவில் இருந்தது அட்மின் மட்டும். ஆனால் அந்த நேரத்தில் கட்டடத்தில் இருந்தவன் அவன். ஈஸ்டர் தாக்குதல் நடந்த 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்கள் அவை. நம் பெயர்களைக் கேட்டதும் சில முகங்கள் ஒரு கணம் தயங்கிய காலம். யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. அவன் செய்யவில்லை என்று சொல்லவும் யாரும் முன்வரவில்லை. சில மாதங்களில் தானாகவே வேலையை விட்டான். வீட்டிலிருந்து மடிக்கணினி வழியாக உள்ளே வந்து அழித்தவர் வேறொருவர் என்பது பிறகு வாய்வழியாகக் கசிந்தது, அவ்வளவே.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்தி வேறொரு நிறுவனத்தில் வேலை செய்தாள். அங்கே டக்காக்ஸ் பிளஸ் இருந்தது. அதில் ஒருவர் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அவர் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். ஒரு நாள் பெரிய தவறொன்று நடந்து அவள் மேல் சொல் விழுந்தது. மேலாளர் பதிவைத் திறந்தார். வேறு பெயர். அத்துடன் பேச்சு முடிந்தது. மேலாளர் எல்லார் முன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிள்ளைகள் என்னிடம் முறையிடுவதுண்டு: "ஒவ்வொன்றையும் பதிவு செய்கிறார்கள், எங்களை நம்பவில்லை." மக்காள், அதை அப்படி எடுக்காதீர்கள். பலமுள்ளவனுக்குச் சாட்சி தேவையில்லை. அவன் சொல்லே போதும். புதிதாக வந்தவனுக்கும், தூர ஊரிலிருந்து வந்தவனுக்கும், சிறுபான்மைப் பெயர் சுமந்தவனுக்கும்தான் சாட்சி வேண்டும். எழுதப்பட்ட வரி உங்கள் பக்கம் நின்று பேசும். ஆகையால் வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் பெயரில் தனிக் கணக்கு கேளுங்கள். "இப்போதைக்கு அட்மினில் போ" என்று யாராவது சொன்னால், பணிவாகச் சிரித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். மூன்றாம் முறையும் கேளுங்கள். பொறுமை என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமல்ல. சரியானதை முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பதும்தான்.

இப்போது எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன். சாவி எல்லார் கையிலும் இருப்பது ஒரு நோய் என்றால், ஒரே ஒருவர் கையில் இருப்பது அதைவிடப் பெரிய நோய்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அந்தக் காலையைக் கல்முனையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கரையோரத்தில் ஒரு கந்தோர். மேல்மாடியில் இருந்த கருவிகளுக்குச் சேதமில்லை. நிவாரணக் கணக்குகளை அனுப்ப அந்த இணைப்பை வேறு வழியில் திருப்ப வேண்டியிருந்தது. ரவுட்டரின் கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவர். அவர் குடும்பத்தோடு மௌத்தாகிவிட்டார். எங்காவது எழுதி வைத்திருந்தாரா என்று, தப்பியிருந்த ஒரே உறவினரிடம் போய்க் கேட்க வேண்டிய நிலை வந்தது. ஜனாஸாக்களுக்கு நடுவே நின்று ஒரு கடவுச்சொல்லைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து, முதல் நிமிடத்துக்குள் பிரேக் விசையை அழுத்தி, ரெஜிஸ்டர் எண்ணை 2142 என்று மாற்றி, சேமித்த அமைப்பைப் படிக்காமலே எழுப்பினார்கள். மீட்க வழி இருந்தது. அதற்குள் போன நேரத்தை மீட்க வழியில்லை.

அந்த மனிதரில் குறை காண என்னால் முடியாது. அவர் உண்மையாக உழைத்தவர். குறை, ஒருவரின் ஆயுளை நம்பி இணைப்பை வைத்திருந்த ஏற்பாட்டில்.

சான் பிரான்சிஸ்கோ நகரசபையில் இதே நோய் வேறு வடிவில் வந்தது. டெரி சைல்ட்ஸ் என்ற பொறியியலாளர் நகரத்தின் வலையமைப்பைக் கட்டியவர், அதன் கடவுச்சொற்களை அறிந்த ஒரே ஆள். 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கேட்டபோது கொடுக்க மறுத்தார், கைதானார். அப்போதைய மேயர் கவின் நியூசம் சிறைக்கே போய்ச் சந்தித்த பின்தான் கொடுத்தார். 2010 இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி நான்கு ஆண்டு தண்டனை கிடைத்தது. தகுதியில்லாதவர்களிடம், பலர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைச் சொல்ல முடியாது என்பது அவர் தரப்பு வாதம். அதில் ஒரு நியாயம் உண்டு என்று சொல்லும் பொறியியலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் தான் கட்டியதைத் தனது என்று நினைக்கத் தொடங்கிய நாளில் ஒரு நல்ல வேலைக்காரன் தவறிப்போகிறான். பள்ளிவாசலைக் கட்டிய கொத்தனாருக்குப் பள்ளிவாசல் சொந்தமா?

இனி வேலையைச் செய்யும் விதம். இங்கேதான் அவசரக்காரர்கள் விழுவார்கள்.

சிஸ்கோ சாதனத்தில் ஏஏஏ நியூ-மாடல் என்ற கட்டளையைத் தட்டியவுடனே, அடுத்துத் தொலைவிலிருந்து வரும் எவரிடமும் பெட்டி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கத் தொடங்கிவிடும். உள்ளே ஒரு பயனரையாவது முன்கூட்டியே உருவாக்கி வைக்காமல் அதைத் தட்டிவிட்டு வெளியே வந்தவர், வெளியேதான். கல்முனையில் இருந்துகொண்டு பொத்துவில் கிளையை இப்படிப் பூட்டிக்கொண்டு, கொன்சோல் கேபிளைப் பையில் போட்டு பஸ் ஏறிய பிள்ளைகளை நான் அறிவேன். ஏ4 வீதி அழகான வீதிதான். ஆனால் அந்தப் பயணத்தில் யாரும் அதை ரசிப்பதில்லை.

ஆகவே முதலில் பெட்டிக்குள்ளே ஓர் அவசரக் கணக்கு. பிறகு சேர்வரின் முகவரியும் இரகசியச் சொல்லும். அந்தச் சொல் பதினாறு எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறகு எந்த இடைமுகத்திலிருந்து கேள்வி புறப்பட வேண்டும் என்று நிலையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ரேடியஸ் சேர்வர் தன் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து கேள்வி வந்தால் மறுப்புக்கூடச் சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். அந்த மௌனத்தைக் கண்டு கடவுச்சொல் பிழை என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பு ரீலோட் இன் 10 என்று தட்டிவிடுங்கள். தப்பு நடந்தால் பத்து நிமிடத்தில் பெட்டி தானே பழைய நிலைக்கு எழும். சரியாக அமைந்தால் அதை இரத்துச் செய்துவிட்டுச் சேமியுங்கள். சோதனைக்கு இன்னொரு சாளரத்தில் நுழையுங்கள். அது திறக்கும் வரை முதற் சாளரத்தை மூடாதீர்கள்.

அவசரக் கணக்கைப் பற்றி இன்னும் ஒன்று. பலர் இதைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள். முதலில் சேர்வர், பிறகு உள்ளூர்க் கணக்கு என்று வரிசை கொடுத்தால், சேர்வர் "இல்லை" என்று சொன்னதும் பெட்டி உள்ளூர்க் கணக்கைப் பார்க்காது. சேர்வரிடமிருந்து பதிலே வராதபோதுதான் பார்க்கும். மறுப்பும் ஒரு பதில்தான். சேர்வர் உயிரோடு இருந்து தவறாகப் பதில் சொன்னால், உங்கள் அவசரக் கணக்கு உதவாது. இதை ஆபத்து வந்த நேரத்தில் கற்பதைவிட, ஓர் அமைதியான வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சேர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்துக் கற்பது நல்லது. அப்போது இன்னொன்றும் தெரியும். சிஸ்கோவின் இயல்பான அமைப்பு 5 நொடி காத்திருப்பு, 3 மறுமுயற்சி. அந்த இடைவெளியில் திரை அசையாமல் நிற்கும். பதறியவன் இணைப்பைத் துண்டித்துத் துண்டித்து முயல்வான், ஒருபோதும் உள்ளே போகமாட்டான். காத்திருப்பவன் போவான்.

2022 இல் நாடு இருளில் கிடந்தபோது இந்தப் பாடம் எல்லாருக்கும் கட்டாயமானது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மின்சாரம் திரும்பியதும் சுவிட்சுகள் சட்டென்று எழும்பும். சேர்வர் மெதுவாக, முனகி முனகி எழும்பும், சில நாள் எழும்பாது. உள்ளூர்க் கணக்கை முறையாக வைத்திருந்த கந்தோர்கள் அந்த இடைவெளியைத் தாண்டின. நேரமும் அப்போது கவனிக்க வேண்டியதாயிற்று. மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லாத பழைய சிஸ்கோ பெட்டி, நேரச் சேர்வரை எட்டும் வரை தன்னை 1993 மார்ச் 1 இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்தத் தேதியோடு எழுதிய பதிவை எந்த விசாரணையில் காட்டுவீர்கள்? நேரம் சரியில்லாத சாட்சியை யாரும் ஏற்கமாட்டார்கள். நேரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியை மறக்காதீர்கள்.

ரேடியஸ் பழையது என்றேன். பழையதில் ஓட்டையும் உண்டு. அது கேள்வியில் கடவுச்சொல்லை மட்டும் மறைக்கும். பயனர் பெயர் முதல் மற்றதெல்லாம் திறந்தபடி போகும். அதன் பாதுகாப்பு எம்டி5 என்ற பழைய கணிப்பில் நிற்கிறது. 2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: பாதையின் நடுவே நிற்பவன் ஒரு மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம். உடனடிப் பரிகாரம், மெசேஜ்-ஒதென்டிகேட்டர் என்ற கையொப்பத்தை இருபக்கமும் கட்டாயமாக்குவது. உங்கள் சேர்வரில் அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகப் போக்குவரத்தைத் தனி விலானில் வையுங்கள், டெல்நெட்டை மூடுங்கள், எஸ்எஸ்ஹெச் மட்டும் திறந்திருக்கட்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு உள்ள கவலை இது, நமக்கென்ன என்று கல்முனைக் கடைத்தெருக்காரர் நினைக்க வேண்டாம். கடைதோறும் கெமராப் பெட்டி தொங்குகிறது. அதில் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லே எத்தனை கடையில் இன்னும் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை, பொருத்தியவருக்குத் தெரியும். 2016 இல் மிராய் என்ற கிருமி, இப்படியான இயல்புக் கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் கெமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையால் டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவை தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. நெட்வேர்க் படித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மாலையில் வாப்பாவின் கடைக் கெமராவைத் திறந்து அந்தக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கட்டும்.

கடைசியாக, விலகிப் போகும் நாள். வேலையில் சேரும் நாளில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். விலகும் நாளில் மனம் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருக்கும். கத்தாருக்கு விசா வந்த மகிழ்ச்சியில், பழைய கந்தோரில் தன் கணக்கு உயிரோடு கிடப்பதை ஒருவன் மறந்துவிடுவான். ஆறு மாதம் கழித்து அங்கே ஏதாவது நடந்தால் அந்தப் பெயர்தான் முதலில் தோண்டப்படும். நீங்களே எழுத்தில் கேளுங்கள்: "என் கணக்கை மூடிவிட்டீர்களா?" பதிலை எடுத்து வையுங்கள். கோபத்தோடு பிரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பழைய கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசை வரும். கதவு திறந்திருந்தாலும் வீடு உங்களுடையதல்ல. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி நுழைவதே குற்றம். எதையும் தொடவில்லை என்பது உங்களைக் காப்பாற்றாது.

பொறுப்பில் இருக்கும் மூத்தவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அவசரக் கணக்கின் கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு, ஒட்டி, மேல் கையெழுத்திட்டு, நிறுவனத்தின் பெட்டகத்தில் வையுங்கள். உறை திறக்கப்பட்டால் யார், எதற்காக என்று எழுதிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை போடுங்கள். ரேடியஸ் சேர்வருக்குப் பணமில்லை என்று சொல்லாதீர்கள். ஃப்ரீரேடியஸ் இலவசம், ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றில் லினக்ஸோடு ஓடும்.

இந்த வாரமே உங்கள் கந்தோரின் பயனர் பட்டியலை எடுத்து, சம்பளப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனவர்களின் பெயர்களை நீக்குங்கள். இருப்பவர்களுக்கு அவரவர் பெயரில் கணக்குக் கொடுங்கள்.